செருப்பைக் கழற்றிவிட்டு வண்டி ஓட்டியவர்

அவரைத் தெருவில் எல்லாரும் பிரேக் அண்ணன் என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்த டயர்க்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அண்ணனும் அவருடைய தம்பியும் சேர்ந்து ஒரு கார் பட்டறை வைத்திருந்தார்கள். இரண்டு வண்டி உள்ளே நிற்கும். மூன்றாவது வந்தால் பாதி உடம்பு தெருவில் நிற்கும். இன்ஜின், கியர், கிளட்ச் எல்லாம் தம்பி பார்த்துக்கொள்வான். பிரேக் மட்டும் அண்ணனுடையது. தம்பி வாயாடி. வண்டியைப் பறிகொடுத்த முகத்தோடு வருகிறவர்களையும் சிரிக்க வைத்துத்தான் அனுப்புவான். அண்ணனுக்குப் பேச்சு வராது. "எங்க அண்ணன் வாயிலயும் பிரேக்கு மாட்டியிருக்காரு" என்பான் தம்பி. அதற்கும் அண்ணன் ஒன்றும் சொல்லமாட்டார்.

பிரேக் வேலை முடித்த வண்டியை ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது அண்ணன் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஏறுவார். யாராவது அவரைத் தேடி வந்தால் தம்பி வாசலைக் கைகாட்டுவான்.

"அதோ செருப்பு கெடக்குல்ல? ஆளு இப்ப வந்துருவாரு."

வெறுங்காலுக்குக் காரணம் இருந்தது. டிஸ்க் என்பது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற இரும்புத் தட்டு. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் பேட் வந்து அதைக் கவ்விப் பிடிக்கும். அந்தத் தட்டு முடியளவு கோணலாக உட்கார்ந்திருந்தாலும் போதும், பெடல் காலுக்கு அடியில் லேசாகத் துடிக்கும். மற்றவர்களுக்கு அது வண்டி ஓடி ஓடி, டிஸ்க் ஒரு பக்கமாகத் தேய்ந்து, வண்டியே குலுங்க ஆரம்பித்த பிறகுதான் தெரியவரும். அண்ணனின் உள்ளங்காலுக்கு முதல் நாளே தெரிந்துவிடும். "பின்னாடி, இடது பக்கம்" என்று முனகிக்கொண்டே இறங்குவார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். கோணலை அளந்து பார்க்க முள் வைத்த டயல் கேஜ் ஒன்றைத் தம்பி வாங்கி வைத்திருந்தான். அதை அண்ணன் பெட்டியிலிருந்து வெளியே எடுத்ததே இல்லை.

கேக்கம்மா அவருடைய பழைய வாடிக்கை. வீட்டிலேயே அடுக்கு அடுக்காகக் கேக் செய்து, காரின் பின்பக்கம் வைத்து, கேட்டவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பவர். ஒரு நாள் இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்து நின்றார்.

"அண்ணே, பின்னாடி டிஸ்க்கு ரெண்டும் தேஞ்சுபோச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க? கார் கம்பெனியோடது வர ரொம்ப நாளாகுமாம். கடையில வேற கம்பெனி டிஸ்க்கு குடுத்தாங்க. போடலாமா, திருப்பிக் குடுத்துரவா?"

அண்ணன் பழைய டிஸ்கைக் கழற்றிக் கீழே வைத்து, புதியதை அதன் பக்கத்தில் வைத்தார். தடிமன், உயரம், நடு ஓட்டை, நட்டுத் துளைகள் என ஒவ்வொன்றாக அளந்து பார்த்தார்.

"பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்குறாரு, சத்தம் போடாதீங்க" என்றான் தம்பி.

"போடலாம்மா. யாரு செஞ்சா என்ன, அளவு ஒத்துப்போகணும். உக்கார்ற எடம் சுத்தமா இருக்கணும். அவ்வளவுதான்."

டிஸ்க் உட்காரும் இடத்துக்கு ஹப் என்று பெயர். அதில்தான் துரு பிடிக்கும். அண்ணன் கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். பேடுகளைத் தாங்குகிற கேலிப்பர் தன் எடையில் ரப்பர் குழாயைப் பிடித்துத் தொங்காதபடி அதைக் கம்பியால் மேலே கட்டி வைத்திருந்தார். புது டிஸ்கில் துருப்பிடிக்காமல் இருக்கத் தடவியிருந்த எண்ணெயைக் கழுவி, வெள்ளைத் துணியில் கறை வராத வரைக்கும் துடைத்தார். பேடைத் தள்ளுகிற பின்சக்கர பிஸ்டன் அழுத்தினால் உள்ளே போகாது. அதைத் திருகித் திருகி உள்ளே அனுப்பிவிட்டுப் புதுப் பேடுகளை மாட்டினார். சக்கர நட்டுகளை எதிரெதிராக, எல்லாம் ஒரே இறுக்கம் வரும்படி முடுக்கினார். வண்டியை நகர்த்துவதற்கு முன்னால் பெடல் கெட்டியாகும் வரை மிதித்து மிதித்துவிட்டார். எதையும் அவர் விட்டுவைக்கவில்லை.

ஆனாலும் இடதுபக்க ஹப்பில், ஒரு போல்ட்டின் அடியை ஒட்டி, துருப் பொருக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படித் தப்பிப்போவது அபூர்வமில்லை. தப்பினால் கால் சொல்லும், திரும்பக் கழற்றுவார். இத்தனை வருஷமும் அப்படித்தான் நடந்தது. அன்றும் செருப்பைக் கழற்றிவிட்டுப் போனார். கிடங்குகளுக்குப் பின்னால் போகும் நீளமான சாலையில், புதுப் பேடும் டிஸ்கும் ஒன்றுக்கொன்று பழகட்டும் என்று, கொஞ்சம் வேகம் எடுப்பதும் மிதித்து வேகத்தைக் குறைப்பதுமாகப் பலமுறை போய் வந்தார். கால் ஒன்றும் சொல்லவில்லை. சாவியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

சில வாரம் கழித்துக் கேக்கம்மா திரும்பி வந்தார்.

"அண்ணே, பிரேக்கு புடிச்சா வண்டி அதிருது. நேத்து மூணு அடுக்குக் கேக்கு. போய்க் கதவத் தெறந்தா மேல் அடுக்கு சரிஞ்சு சீட்டுல சாஞ்சு உக்காந்திருக்கு. பொறந்தநாள் கொழந்தை என்னைப் பாத்து அழுதுருச்சு."

அண்ணன் வண்டியை எடுத்தார். கேக்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். கிடங்குச் சாலையில் அண்ணன் மிதித்ததும் கேக்கம்மா கையை நீட்டினார். "இதோ! இப்ப! தெரியுதா?"

"எங்கம்மா?"

மறுபடி மிதித்தார். "இப்ப! அண்ணே, கிண்டல் பண்றீங்களா?"

அண்ணன் ஓரமாக நிறுத்தினார். அவருக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியவில்லை. இந்த அம்மா இல்லாததைச் சொல்கிறவர் இல்லை என்பதும் தெரியும். "நீங்க ஓட்டுங்கம்மா, நான் பின்னாடி உக்காந்து பாக்குறேன்" என்றார். கேக் வைக்கிற இடத்தில் மண்டியிட்டு, இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றிக்கொண்டார். கேக்கம்மா பிரேக்கை மிதித்ததும் கைக்குக் கீழே தடதடவென்று அதிர்ந்தது. அது சின்ன அதிர்வே இல்லை. வழியில் போகிறவன் ஏறி உட்கார்ந்தாலும் சொல்லியிருப்பான்.

அண்ணன் அப்படியே மண்டியிட்டபடி தன் வலது பாதத்தைத் திரும்பிப் பார்த்தார்.

இத்தனை நாளும் கால் பேசாமல் இருந்ததை, வண்டியில் குறையில்லை என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

"துருப் பொருக்கு இருக்கும்மா, நாளைக்கு சரி பண்ணிடுறேன்" என்று மட்டும் சொன்னார். மறுநாள் தம்பி சாமான் வாங்கக் கடைக்குப் போன சமயம் பார்த்து டயல் கேஜை வெளியே எடுத்தார். பொருக்கைச் சுரண்டி, டிஸ்கை மாட்டி, கையால் சுற்றி, முள் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்தார். நின்றது. துடைத்துப் பெட்டியில் பழையபடி வைத்துவிட்டார். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருக்குச் சர்க்கரை வியாதி வந்து வருஷங்கள் ஆகியிருந்தன. மாத்திரையை நினைவு வந்தால் போட்டுக்கொள்வார். கால் மரத்துப்போயிருக்கிறது, போகப் போகச் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். குளிக்கும்போது உள்ளங்காலைப் பரபரவென்று தேய்ப்பார். ஒரு சாயங்காலம் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தார். அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அண்ணி, திரைச்சீலை தைத்துக் கொடுப்பவர். மெஷினில் உட்கார்ந்திருந்தவர் அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னொண்ணு யாருக்குக் குடுத்துட்டு வந்தீங்க?"

அண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு அவரும் சிரிக்க முயற்சி செய்தார். வந்த வழியே திரும்பிப் போனால், தெருமுனைக்கும் அப்பால், பேக்கரிக்கு முன்னால் இன்னொரு செருப்பு கிடந்தது. அது கழன்ற இடத்திலிருந்து வீடு வரைக்கும் வெறும் காலால் நடந்து வந்திருக்கிறார்.

அதற்குப் பிறகு ஓட்டிப் பார்க்கும் வேலையை அவர் தம்பியின் தலையில் கட்டத் தொடங்கினார். ஒரு நாள் இடுப்பு வலி என்றார், ஒரு நாள் கண் எரிகிறது என்றார். கொஞ்ச நாள் தம்பி போனான். அப்புறம் அவனுக்கும் பொறுக்கவில்லை. ஒரு காலையில் மேலே தூக்கிய வண்டிக்கு அடியிலிருந்து கத்தினான்.

"பிரேக்கு உன் வேலைதானே? அதையும் நானே ஓட்டணும், இதையும் நானே கழட்டணும். நீ மொதலாளி ஆயிட்ட, நான் எடுபிடி ஆயிட்டேனா? வயசாயிடுச்சுன்னா வீட்டுல உக்காருண்ணே!"

டயர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. கையைத் துடைத்தார், வாசலில் செருப்பைக் கழற்றினார், வண்டிக்கு நடந்தார். அன்று நாள் முழுவதும் எல்லா வண்டியையும் அவரே ஓட்டினார். திரும்பச் செருப்பைப் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவும் இல்லை.

வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அண்ணி தண்ணீர் கொண்டு வந்தவர், தரையைப் பார்த்து நின்றுவிட்டார். வாசலிலிருந்து குளியலறைக்கும், அங்கிருந்து நாற்காலிக்கும் சிவப்பாக அடையாளம் போயிருந்தது.

"என்னங்க, கால்ல என்ன?"

"எந்தக் கால்ல?" என்றார் அண்ணன்.

அண்ணி கீழே உட்கார்ந்து அவர் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். பழைய பேடில் இருக்கும் தகட்டுக் கிளிப் ஒன்று, பாதி உள்ளே ஏறியிருந்தது. காலையிலிருந்து அதன் மேலேயே நடந்திருக்கிறார். அண்ணி அதைப் பிடுங்கியபோது அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினார். அந்த முகத்தில் எந்த மாற்றமும் வரவில்லை. வலித்தால் வலிக்கட்டும் என்று பல்லைக் கடிக்கிற மனுஷன்தான் அவர். ஆனால் பல்லைக்கூடக் கடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். "நான் இந்த நைலான் நூலால கால்ல தொடுவேன். தொட்டது தெரிஞ்சா 'ம்'னு சொல்லுங்க."

அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் போனது. மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று கேட்டார்.

"முடிச்சுட்டேங்க" என்றார் டாக்டரம்மா.

பக்கத்தில் நின்ற அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். அத்தனை இடத்திலும் நூல் பட்டதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

புண் ஆறவில்லை. முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். அதோடு நிற்கும் என்றார்கள். நிற்கவில்லை. கடைசியில் முழங்காலுக்குக் கீழே வெட்ட வேண்டியதாயிற்று. கையெழுத்துப் போடும்போது அண்ணி டாக்டரம்மாவிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வெட்டும்போதாவது அவருக்குத் தெரியாம இருக்குமில்ல?" அதற்குள் தம்பி வெளியே எழுந்து போய்விட்டான்.

அவன் பட்டறையைப் பூட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலேயே கிடந்தான். அண்ணனுக்கு நினைவு தெளிந்த பிறகு கட்டிலருகே நின்று, கட்டில் கம்பியைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு நான் வாய வெச்சிட்டு சும்மா இருந்திருந்தா, நீ வெறுங்காலோட போயிருக்க மாட்ட."

அண்ணன் அவன் கையைக் கம்பியிலிருந்து எடுத்துவிட்டார்.

"கிளிப்பு கீழ கெடந்துச்சே, அந்தப் பேடக் கழட்டினது யாரு? நான்தானே? கழட்டினவன்தான் பெருக்கணும். உன் மேல என்ன இருக்கு?"

பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ரொம்ப நாளாவே தெரியும்டா. நான்தான் யாருகிட்டயும் சொல்லல" என்றார். ஏன் சொல்லவில்லை என்று தம்பி கேட்கவில்லை. கட்டிலின் கால்பக்கம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். தம்பியை அண்ணி அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பொய்க்கால் பொருத்தி, நடக்கப் பழகி, அண்ணன் பட்டறைக்குத் திரும்பி வந்தார். தாழ்வான முக்காலி ஒன்றில் உட்கார்ந்து ஹப்பைத் தேய்ப்பார், டிஸ்கை மாட்டுவார். ஓட்டிப் பார்ப்பது இனித் தம்பிதான். தம்பி ஒரு பேச்சும் பேசாமல் உடனே கிளம்புவான். அவன் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கும்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்குண்ணே."

"நல்லான்னா? மிதிச்சவுடனே புடிக்குதா, கொஞ்சம் யோசிச்சுப் புடிக்குதா? வண்டி நிக்கப்போகும்போது பெடலு அமுங்குதா, தள்ளுதா?"

தம்பி தலையைச் சொறிவான். அவ்வளவு பேசுகிறவனுக்கு இதைச் சொல்ல மட்டும் வார்த்தை வராது. அண்ணனுக்கோ அந்த வண்டி ரோட்டில் எப்படிப் போனது என்று தெரியாமல் சோறு இறங்காது. கடைசியில் அண்ணனே வண்டிக்குப் பின்னால் ஏற ஆரம்பித்தார். பின் இருக்கையை மடக்கிவிட்டு, பொய்க்காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, உள்ளங்கைகளைத் தரையில் ஊன்றுவார். தம்பி ஓட்டுவான்.

"பின்னாடி ஒருத்தரு குப்புறக் கெடக்குறாரு. பாக்குறவன் என்ன நெனப்பான்? ஆளக் கடத்திட்டுப் போறேன்னு போலீசக் கூப்புடப் போறான்."

"பேசாம மிதிடா."

அப்படியே பல மாதம் ஓடியது. அந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் முன்னெப்போதையும்விட நெருக்கமாக இருந்தார்கள். பெட்டியில் கிடந்த டயல் கேஜையும் அண்ணன் வெளியே எடுத்து வைத்துக்கொண்டார். ஒவ்வொரு டிஸ்கையும் அளப்பார், பிறகு கையாலும் பார்ப்பார். இரண்டும் ஒன்றையே சொல்லும். முகத்தில் பழைய களை கொஞ்சம் வந்துவிட்டதாக அண்ணி சந்தோஷப்பட்டார்.

ஒரு மத்தியானம் ஒரு தபால் வண்டிக்குப் பின்பக்க டிஸ்க் மாற்றினார்கள். கேஜில் முள் அசையவில்லை. கிடங்குச் சாலையில் தம்பி மிதித்தான்.

"இடது பக்கம் அதிருது" என்றார் அண்ணன்.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது? திருப்புடா."

திரும்பி வந்து, கழற்றி, ஹப்பைக் கண்ணாடி மாதிரி தேய்த்து மாட்டினார்கள். கேஜ் சரி என்றது. ஓட்டினார்கள். "இன்னும் அதிருது" என்றார் அண்ணன். இன்னொரு முறை கழற்றினார்கள். டிஸ்கை வேறு துளைக்குத் திருப்பி வைத்து, புதுப் பேட் மாட்டி, தம்பி டயர்க்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனான். அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. வேலையில் எந்தக் குறையும் இல்லை என்று கேஜ் சொன்னது. இரண்டு பேர் சொன்னார்கள். வண்டியும் பால் மாதிரி வழுக்கிக்கொண்டு போய் நின்றது.

பட்டறைக்குள் வண்டி நின்று, இன்ஜின் அணைந்த பிறகும் அண்ணன் பின்பக்கத்திலிருந்து இறங்கவில்லை. தம்பி போய்க் கதவைத் திறந்தான். நிற்கிற வண்டியின் தரையில் உள்ளங்கைகளை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"இப்பவும் அதிருதுடா" என்றார் அண்ணன்.

தம்பிக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் அவர் கைகளைப் பிடித்துத் தரையிலிருந்து எடுத்தான். விரல்கள் குளிர்ந்திருந்தன. எடுத்த பிறகும் அந்தக் கைகளுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி ஓடிக்கொண்டிருப்பதாக அண்ணன் சொன்னார். சில நாளாகவே சட்டைப் பொத்தான் போடத் தடுமாறியதாகவும், அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை என்றும் சொன்னார். பிறகு, "கேஜு சொன்னதுதான் சரி. வண்டியக் குடுத்து அனுப்பு" என்றார்.

"ஏன் இவ்வளவு சீக்கிரம்?" என்று வீட்டில் அண்ணி கேட்டபோது, "போதும்னு வந்துட்டேன்" என்றார். அண்ணி கூட வந்திருந்த தம்பியின் முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாளும் அவர் போகவில்லை. அதற்கு மறுநாள் தம்பி வந்து கூப்பிட்டான். வரவில்லை என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டாம் என்பதுபோலச் சொன்னார்.

பட்டறையில் பிரேக் வேலைக்கு வேறு ஒருவர் சேர்ந்தார். நல்ல வேலைக்காரர். ஒவ்வொரு டிஸ்கையும் கேஜ் வைத்து அளந்துதான் மாட்டுவார். வண்டிகள் ஒழுங்காகத்தான் போகின்றன. யாரும் குறை சொல்லித் திரும்பி வருவதில்லை. கேக்கம்மாவும் அங்கேதான் வருகிறார்.

அண்ணி தையல் மெஷினை முன்னறைக்கு மாற்றிப் போட்டுக்கொண்டார். அண்ணன் அதே அறையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். முதலில் திரைச்சீலைகளின் நூல் முனைகளைக் கத்தரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை துணியோடு சேர்த்துத் தன் விரலையும் கத்தரித்துவிட்டார். அதிலிருந்து அண்ணி கத்தரிக்கோலை அவர் பக்கத்தில் வைப்பதில்லை. மடித்த துணிகளைத் தடவித் தடவி அடுக்குவதோடு சரி. தெருவில் ஒரு வண்டி பிரேக் போட்டு நின்றால் தலையை மட்டும் லேசாகச் சாய்ப்பார். அண்ணி அப்போது மெஷினை மிதிப்பதைச் சற்று நிறுத்திக்கொள்வார்.

பட்டறை மூடியதும் தம்பி தினமும் வருகிறான். வந்த புதிதில் வண்டிப் பேச்சே எடுக்கமாட்டான். மழை, வெயில், டயர்க்கடைக்காரரின் மகள் படிப்பு என்று எதை எதையோ இழுத்துப் பேசிவிட்டுப் போவான். அவன் எந்தப் பேச்சைத் தவிர்க்கிறான் என்று அண்ணனுக்குத் தெரியாதா? ஒரு நாள் அவரே கேட்டார்.

"இன்னிக்கு என்ன வண்டிடா வந்துச்சு?"

தம்பி அண்ணியைப் பார்த்தான். அண்ணி தலையசைத்தார். அவன் சொல்ல ஆரம்பித்தான். ஒரு பழைய வேன். முன்பக்க டிஸ்க் இரண்டும் பள்ளம் விழுந்திருந்தது. வேற கம்பெனி டிஸ்க் வாங்கிப் போட்டார்கள். ஒரு போல்ட் கழல மாட்டேன் என்று சண்டித்தனம் செய்தது. கழற்றுவதற்குள் புதிய ஆள் எல்லாச் சாமியையும் கூப்பிட்டுவிட்டார். மாட்டி ஓட்டிப் பார்த்தார்கள். அதற்கு மேல் அவனிடம் வார்த்தை தீர்ந்துபோயிற்று.

"ஹப்ப நல்லாத் தொடச்சாரா?"

"தொடச்சாருண்ணே. நான் பக்கத்துல நின்னு பாத்தேன்."

அண்ணன் "ம்" என்றார். மிதித்தால் எப்படிப் பிடிக்கிறது என்று கேட்கப் போகிறார் எனத் தம்பி காத்திருந்தான். அவர் மடியிலிருந்த துணியை மறுபடி பிரித்து, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.